கோஜிக் ஆசிட் சீரம், ஆரஞ்சு சோப்பு, லேபிள் இல்லாத டப்பா: சேலத்துக் கடைகளில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

கோஜிக் ஆசிட் 1% என்று சதவீதத்தைத் தெளிவாகப் போட்டு, தயாரிப்பாளர் முகவரியும் லைசென்ஸ் நம்பரும் அச்சடித்து வருகிற சீரம் என்றால் வாங்கலாம், பருக்கள் விட்டுப்போன கறுப்புத் தழும்புக்கு நன்றாகவே வேலை செய்கிறது, கன்னத்தில் திட்டாக விழும் மங்குக்கு ஓரளவு. சோப்பு வடிவில் வருவது காசுக்குத் தகுதியில்லை. பார்லரிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் கவுன்ட்டருக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுக்கிறார்களே, குட்டி டப்பா, "ஒரே வாரத்தில் ரிசல்ட்" என்று, அது எந்தப் பெயரில் வந்தாலும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். இந்த மூன்றுக்கும் காரணம் இருக்கிறது, விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் வெறும் "நல்லா இருக்கு, நல்லா இல்ல" என்று எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. கொண்டலாம்பட்டியிலிருந்து அஸ்தம்பட்டிக்குத் தினமும் ஸ்கூட்டியில் போய்வருகிறவள், மத்தியான வெயிலில் நான்கு ரோடு சிக்னலில் நிற்கிற நேரமே போதும் அது இன்னும் அடர்வதற்கு. கலர் மாற வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை, என் அம்மாவின் நிறம்தான் என் நிறம், அதில் ஒரு குறையும் கண்டதில்லை. திட்டுத் திட்டாக இருப்பது சமமாக வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எந்தக் கடையில் போய் "மங்குக்கு ஏதாவது இருக்கா" என்று கேட்டாலும் எடுத்துக் காட்டுவது வெள்ளையாவதற்கான பொருளைத்தான். இரண்டும் வேறு வேறு தேவை.

கோஜிக் ஆசிட் என்பது பூஞ்சையிலிருந்து கிடைப்பது. ஜப்பானில் சாக்கே, சோயா சாஸ், மிசோ எல்லாம் செய்ய வேகவைத்த அரிசி, சோயா மாதிரியானவற்றில் ஒரு பூஞ்சையை வளர்ப்பார்கள், அதற்கு கோஜி என்று பெயர், 1907-லேயே அங்கே ஒரு விஞ்ஞானி அதிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்துவிட்டார். நம் தோலில் கறுப்பு நிறமியை உண்டாக்குவது டைரோசினேஸ் என்ற என்சைம், அது இயங்க அதற்குள் தாமிரம் வேண்டும், கோஜிக் ஆசிட் அந்தத் தாமிரத்தைப் பிடித்துக்கொள்கிறது, என்சைம் மந்தமாகிறது. கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துவிடுகிறதே, அதுவும் கிட்டத்தட்ட இதே இனத்து என்சைமின் வேலைதான், அதனால்தான் வெட்டிய பழம் கறுக்காமல் இருக்கவும் இதே அமிலத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆக, இது ஏற்கெனவே இருக்கிற கறுப்பைச் சுரண்டி எடுப்பதில்லை, புதிதாக உண்டாவதைக் குறைக்கிறது, பழையது தோல் உதிர உதிரத்தான் போகும். மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரத்தில் முகம் வெளுக்கிறது என்றால் அங்கே வேலை செய்வது கோஜிக் ஆசிட் இல்லை, வேறு ஏதோ. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பாதி ஏமாற்று அடிபட்டுப் போகும்.

நான் உபயோகித்த சீரம் 30 மி.லி. கண்ணாடி பாட்டில், விலை 400 ரூபாய்க்கு உள்ளே. தண்ணீர் மாதிரியும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை, ராத்திரி முகம் கழுவி ஈரம் காய்ந்ததும் திட்டு இருக்கிற இடத்தில் மட்டும் தடவினேன். மூக்கு ஓரத்தில் கொஞ்சம் சுரீர் என்றது, மற்றபடி எரிச்சல் இல்லை. ஆனால் இது எல்லாருக்கும் அப்படி இருக்காது, கோஜிக் ஆசிட் ஒவ்வாமை கொடுக்கும் என்பது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், சிலருக்கு முகம் சிவந்து அரித்து, அந்த அரிப்பே புதிய கறுப்பை விட்டுவிட்டுப் போகும், போனது ஒன்று வந்தது இரண்டு என்று ஆகிவிடும். அதனால் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். தாடைப் பக்கம் இருந்த பருத் தழும்புகள் முதலில் மங்கின, கண்ணாடியில் பார்த்து நானே நம்பாமல் பழைய போட்டோவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், உண்மையாகவே குறைந்திருந்தது. கன்னத்து மங்கு ஓரங்களில் வெளிறியது, நடுவில் அப்படியே நிற்கிறது.

ஒரு குறை சொல்ல வேண்டும். இந்த அமிலம் வெளிச்சமும் காற்றும் சூடும் பட்டால் கெட்டுப் பழுப்பாகிவிடும். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மாடி வீட்டில் வைத்தால் பாட்டில் பாதி தீர்வதற்குள்ளேயே நிறம் மாறத் தொடங்கிவிட்டது, அப்புறம் ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். தயாரிப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, அடர் நிற பாட்டிலில் காற்றுப் புகாத பம்ப் வைத்து விற்கலாம், டிராப்பர் பாட்டிலில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்று உள்ளே போகிறது. இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் பல க்ரீம்களில் கோஜிக் டைபால்மிடேட் என்று வேறு வடிவத்தைப் போடுகிறார்கள். அது எண்ணெயில் கரைவது, நிறம் மாறாது, கெடாது, தயாரிப்பவருக்கு வசதி. ஆனால் கோஜிக் ஆசிட் அளவுக்கு அதன் பலனுக்கு ஆதாரம் கிடையாது. அட்டையின் முகப்பில் பெரிதாக "கோஜிக்" என்று இருக்கும், பின்னால் பொடி எழுத்தில் டைபால்மிடேட் என்று இருக்கும், திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

சோப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பிலிப்பைன்ஸ் ஸ்டைலில் ஆரஞ்சு நிறத்தில் வருகிறது, கல்லூரிப் பெண்கள் நிறையப் பேர் வாங்குகிறார்கள், புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபேன்சி ஸ்டோர்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தேய்த்து ஒரு நிமிடத்தில் கழுவிவிடுகிற பொருளில் இருக்கிற அமிலம் தோலுக்குள் எவ்வளவு போகும்? சரி, கொஞ்ச நேரம் ஊறவிடலாம் என்று நுரையை அப்படியே வைத்தால் முகம் வறண்டு இழுக்கிறது, உதட்டோரம் தோல் உரிகிறது. என் அண்ணன் மகள் சாரதா காலேஜ் ரோடு பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறாள், உடம்பு முழுக்க அதையே தேய்த்துக் குளித்து அரிப்பு எடுத்துத்தான் நிறுத்தினாள்.

"உடம்பு முழுக்க" என்பதில்தான் சட்டம் வருகிறது. ஐரோப்பிய யூனியனில் 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள், கோஜிக் ஆசிட் முகத்துக்கும் கைக்கும் போடும் பொருட்களில் மட்டும், அதுவும் 1% வரைதான். 2025 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சந்தைக்கு வருவது எல்லாம் இந்த அளவுக்குள் இருக்க வேண்டும், ஏற்கெனவே கடையில் இருக்கும் பழைய சரக்குக்கு 2025 நவம்பர் 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். காரணம் தைராய்டு. அதிக அளவில் கொடுத்த எலிகளில் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதை இந்த அமிலம் தடுத்தது, அதனால் அவர்களின் விஞ்ஞானக் குழு கணக்குப் போட்டுப் பார்த்து, உடம்பில் எவ்வளவு பரப்பில் தடவினால் எவ்வளவு உள்ளே போகும் என்று பார்த்து, 1% வரை பாதுகாப்பு என்று 2022-ல் கருத்துச் சொன்னது. அதே விதியில் ஆல்ஃபா அர்பூட்டின் என்ற இன்னொரு நிறமி குறைக்கும் பொருளுக்கும் அளவு வைத்தார்கள், முக க்ரீமில் 2%, உடம்புக்குப் பூசும் லோஷனில் 0.5%. பாருங்கள், உடம்புக்கு என்றதும் அளவு நாலில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. பரப்பு கூடினால் உள்ளே போவதும் கூடும், அதுதான் விஷயம். மங்கு வருகிற பெண்களில் தைராய்டு பிரச்சனை உள்ளவர்கள் பலர், அவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

இதைப் படித்துவிட்டு நம்ம ஊர் ஆன்லைன் கடைகளைப் பாருங்கள். கோஜிக் 2% என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டு, அதிகம் இருந்தால் நல்லது என்ற தோரணையில் விற்கிறார்கள். ஐரோப்பாவில் விற்க முடியாத அளவு இங்கே விளம்பர வாசகமாக இருக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது. சேலத்துப் பெண்ணின் தைராய்டும் பாரிஸ் பெண்ணின் தைராய்டும் ஒன்றுதானே? ஒரே எண்ணை இங்கேயும் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கட்டுப்பாடு வந்தால் பொருள் கெட்டது என்று அர்த்தமில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானே உதாரணம். அங்கே 1988-ல் கோஜிக் ஆசிடுக்கு அனுமதி கொடுத்தார்கள், 2003-ல் எலிகளில் கட்டி வருகிறதோ என்ற சந்தேகத்தில் நிறுத்தினார்கள், மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு 2005-ல் விட்டார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்து, சோதி, சரி என்றால் விடு. இப்படி நடக்கிற இடத்தில் நம்பி வாங்கலாம். அதே ஜப்பானில் 2013-ல் நடந்ததையும் மறக்கக் கூடாது. கனேபோ என்ற பெரிய கம்பெனி ரோடோடெனால் என்ற வேறொரு நிறமி குறைக்கும் பொருளைப் போட்டு விற்ற க்ரீம்களால் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்திட்டு விழுந்து, 19,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, சரக்கு முழுவதையும் திரும்பப் பெற்றார்கள். அரசு அனுமதி பெற்ற பொருள்தான் அது. அனுமதி இருந்தும் இந்தக் கதி என்றால், யார் தயாரித்தார்கள் என்றே தெரியாத டப்பாவை எப்படி முகத்தில் பூச மனம் வருகிறது?

நம் நாட்டில் என்ன இருக்கிறது என்றால், 1940-ஆம் வருடத்து மருந்து, அழகுசாதனச் சட்டம், அதன் கீழ் 2020 டிசம்பரில் வந்த அழகுசாதன விதிகள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும், இதெல்லாம் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் பதிவுச் சான்று நம்பரும் இறக்குமதி செய்தவரின் இந்திய முகவரியும் இருக்க வேண்டும். தாய்லாந்து க்ரீம், பாகிஸ்தான் க்ரீம், துபாய் க்ரீம் என்று எது வந்தாலும் இறக்குமதியாளர் முகவரி இல்லை என்றால் அது சட்டப்படி வந்த சரக்கில்லை, அத்தோடு பேச்சு முடிந்தது.

உட்பொருள் பட்டியலுக்கு வந்தால் இரண்டு ஓட்டை இருக்கிறது. 1%க்கு மேல் இருப்பதை எல்லாம் அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்த வேண்டும், 1%-ம் அதற்குக் கீழும் இருப்பதை எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் கோஜிக் ஆசிட் பட்டியலில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சரியான அளவைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வழி உண்டு. ஃபினாக்ஸி எத்தனால் என்று ஒரு பதப்படுத்தும் பொருள் பெரும்பாலான சீரத்தில் இருக்கும், அதற்கு உச்ச அளவே 1%தான், கோஜிக் அதற்குப் பின்னால் வந்தால் அதுவும் 1%-ஐத் தாண்டவில்லை என்று அர்த்தம். முன்னால் வந்தால் எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது ஓட்டைதான் மோசம். 60 மி.லி.க்குக் குறைவான திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைவான க்ரீமுக்கும் உட்பொருள் பட்டியல் போட வேண்டிய கட்டாயமே இல்லை! முகத்துக்குப் போடும் இந்த வகை க்ரீம்களில் பல 30 கிராமுக்குக் கீழேதான் வருகின்றன. 15 கிராம், 20 கிராம், 25 கிராம் என்று சின்ன டப்பாதான். கண்ணுக்குப் பக்கத்தில் பூசுகிற, மாசக்கணக்கில் தினமும் தோலில் ஊறுகிற பொருளுக்குத்தான் பட்டியல் அதிகம் தேவை, அங்கேயே விலக்கு. நல்ல கம்பெனிகள் கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுகின்றன, நான் வாங்கிய சீரத்திலும் இருந்தது, அதற்காகவே அதற்கு ஒரு மார்க் கூடுதலாகக் கொடுப்பேன். போடாதவர்களிடம் நான் வாங்குவதில்லை.

இப்போது அந்தக் குட்டி டப்பாவுக்கு வருகிறேன். கல்யாண சீசனில் ஒரு பார்லரில் என் நாத்தனாருக்குக் கொடுத்தார்கள், பெயர் சொல்ல மாட்டேன், கடைவீதிப் பக்கம். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா, மேலே தங்க நிற ஸ்டிக்கர், பில் கிடையாது, முகவரி கிடையாது. இந்த மாதிரி டப்பாக்களில் இரண்டு பேய்களில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம், பாதரசம் அல்லது ஸ்டீராய்டு.

பாதரசம் போட்டு அழகுசாதனம் தயாரிப்பதே இங்கே தடை. தெரியாமல் கலந்துவிட்ட அளவுக்கு மட்டும் விதி இருக்கிறது, சாதாரண க்ரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, கண் மையில் எழுபது பங்கு. உலக அளவில் பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டா ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியா 2018-ல் அதில் சேர்ந்தது, பாதரசம் கலந்த அழகுசாதனம் எல்லாவற்றையும் 2025-க்குள் ஒழிக்க வேண்டும் என்று 2023-ல் நாடுகள் ஒப்புக்கொண்டன. தாளில் எல்லாம் சரி. ஆனால் பக்கத்து மாநிலத்தில் என்ன நடந்தது? மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர், அதில் 15 பேருக்கு சாதாரணமாக அரிதாகவே பார்க்கிற நெல்-1 (NELL-1) என்ற வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாகும் க்ரீம் தடவி வந்தவர்கள். கால் வீங்கி, முகம் வீங்கி, சிறுநீரில் புரதம் நுரைத்துப் போய் வந்திருக்கிறார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடை கடையாகச் சோதனை போட்டது. பாதரசமும் டைரோசினேஸைத்தான் அடக்குகிறது, அதனால் வேகமாக வெளுக்கும், அதனால்தான் வாங்குகிறவர்கள் மயங்குகிறார்கள். அதற்கான விலையைச் சிறுநீரகம் கொடுக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். இந்த மாதிரி க்ரீம்கள் சிலவற்றில் "வெள்ளி, தங்க நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வீட்டுக்கு வீடு கொலுசு வேலை நடக்கிற ஊர் இது, நகைக்கு ஏதோ அக்கறையாகச் சொல்கிறார்கள் என்று படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம். அது அக்கறையில்லை, பாதரசம் வெள்ளியோடும் தங்கத்தோடும் சேர்ந்து அதைக் கெடுக்கும், அதற்கான எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனமே இதை ஓர் அறிகுறியாகச் சொல்கிறது. கேலோமல், மெர்க்யூரஸ் குளோரைடு, மெர்க்யூரிக் அயோடைடு, அம்மோனியேட்டட் மெர்க்குரி என்ற பெயர்கள் எங்காவது இருந்தாலும் அதேதான். இன்னொன்று, பூசிக்கொண்டவரோடு நின்றுவிடாது, அந்த முகம் துடைத்த துண்டு, தலையணை, மடியில் படுக்கிற குழந்தை என்று வீட்டில் எல்லாருக்கும் போகும். நாத்தனார் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை, நான் விடவில்லை.

ஸ்டீராய்டு கதை வேறு. இது டப்பாவில் ஒளிந்து வருவது மட்டுமில்லை, மெடிக்கலில் வெளிப்படையாக ட்யூபாகவும் கிடைக்கிறது. நிறமி குறைக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம், "மங்கு க்ரீம்" என்று கேட்டாலே எடுத்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. டாக்டர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து இது. என் சித்தி அம்மாப்பேட்டையில் இருக்கிறார், பக்கத்து வீட்டம்மா சொன்னார் என்று இதையே பவுடருக்கு முன்னால் பூசும் க்ரீமாக வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் பளிச்சென்று இருந்தது. பிறகு கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது, தாடையில் முடி, பருக்கள், அடுப்புக்கிட்டே நின்றாலே முகம் எரிகிறது, நிறுத்தினால் இரண்டே நாளில் முகம் சிவந்து வீங்குகிறது, அதனால் மறுபடி பூசுகிறார். "நிறுத்துனா தாங்க முடியல கண்ணு" என்று அவர் அழுதபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்கிற மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனோம், மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு பைசா செலவில்லை. முகத்தில் திட்டு என்றால் முதலில் அங்கே போய்க் காட்டுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச் கட்டுப்பாட்டுக்குள் முழுசாகக் கொண்டுவந்தது, அதற்கு முன் மேல்பூச்சு என்பதால் அவற்றுக்கு விலக்கு இருந்தது. இப்போது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கொடுக்காத கடையும் இருக்கிறது, அதைப் பாராட்டி எழுத வேண்டும். எங்கள் தெருமுனை மெடிக்கலில் சித்தி மறுபடி கேட்டுப் போனபோது, "சீட்டு இல்லாம இத குடுக்க மாட்டேன்மா, வேணும்னா சன்ஸ்க்ரீன் வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த அண்ணன். ஒரு வியாபாரத்தை விட்டுக்கொடுத்தார். இப்படி ஒரு கடை தெருவுக்கு ஒன்று இருந்தால் எத்தனை முகம் தப்பிக்கும்! ஹைட்ரோகுவினோனும் அதே போலக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய சரக்குதான், ஐரோப்பாவில் இருபது வருடத்துக்கும் மேலாக முக க்ரீமில் அதற்குத் தடை, அமெரிக்காவில் 2020 முதல் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நீண்ட நாள் பூசினால் சிலருக்குத் தோல் நீலக் கறுப்பாக மாறி நிரந்தரமாக நின்றுவிடும். டாக்டர் கையில் அது நல்ல மருந்து, அவ்வளவே.

இப்போது ஏற்காட்டுக்காரர்களுக்கு. என் பெரியம்மா மகள் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறாள், அவளுக்கும் இதே சீரத்தை வாங்கிக் கொடுத்தேன், அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் கறுத்த மாதிரிதான் இருந்தது. காரணம் சீரம் இல்லை. "இங்க வெயிலே இல்லக்கா, பனிதான்" என்று சன்ஸ்க்ரீன் போடாமல் இருந்தாள். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் வரை கூடும். குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரியாது, மேகமும் அதை முழுசாகத் தடுக்காது. காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் சில்வர் ஓக் நிழலில் நிற்பதாகத் தோன்றினாலும் முகத்தில் விழுகிற வெளிச்சம் கொஞ்சமல்ல, அங்கே வேலை செய்கிற அக்காமார் முகங்களில் மங்கு இல்லாத முகம் குறைவு. நிறமியைக் குறைக்கிற சீரத்தை ராத்திரி பூசிவிட்டுப் பகலில் வெயிலை விட்டால் ஒரு பக்கம் இறைத்து மறுபக்கம் ஊற்றுகிற வேலைதான்.

அதனால் சீரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் முதல் பங்கை சன்ஸ்க்ரீனுக்குப் போடுங்கள். மங்குக்கு சாதாரண வெளிச்சமும் எதிரி, அதைத் தடுக்க அயர்ன் ஆக்ஸைடு கலந்த, லேசாக நிறம் உள்ள டின்டட் சன்ஸ்க்ரீன்தான் சரி. நம் நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி கிடைப்பது பெரிய பாடாக இருக்கிறது, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பெரிய கடையிலும் வெளிர் நிறம்தான் அதிகம், மாநிறத்துக்கு மேல் போனால் "ஸ்டாக் இல்லை". எஸ்டேட்டில் வெயிலில் நிற்கிற பெண்ணுக்கு 500, 600 ரூபாய் சன்ஸ்க்ரீன் கட்டுப்படி ஆகாது என்பதும் தெரியும், அவர்களுக்கு அகலத் தொப்பியும் துப்பட்டாவும் இந்த எந்தச் சீரத்தையும் விட அதிகம் செய்யும். மாற்றிச் சொன்னால் விற்பவருக்கு லாபம், எனக்கு என்ன?

வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். பில் கொடுக்க மறுக்கிற கடை என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். முகவரி இல்லாத டப்பா, சீட்டில்லாமல் விற்கிற ட்யூப் எதைக் கண்டாலும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகம் சேலத்திலேயே இருக்கிறது, டப்பாவையும் இருந்தால் பில்லையும் வைத்து எழுத்தில் கொடுக்கலாம். நாத்தனாருக்குக் கொடுத்த அந்த டப்பாவை அப்படித்தான் கொடுத்திருக்கிறோம்.

சீரத்தை மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், பருத் தழும்புக்காக, பாட்டில் தீர்ந்ததும் கொஞ்ச நாள் இடைவெளி விட்டு. கன்னத்து மங்குக்கு டாக்டர் அஸிலாயிக் ஆசிட் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைத் தனியாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடையில் கேட்டு எதையும் ஆரம்பிக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு வாங்குங்கள். அந்த சீரம் கம்பெனிக்கு நான் எழுதிய மெயிலில் பம்ப் பாட்டில் கேட்டிருக்கிறேன், சின்ன பேக்கிலும் பட்டியலும் சதவீதமும் தொடர்ந்து போடச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் நீங்கள் வாங்குகிற கம்பெனிக்கு எழுதுங்கள்.